மடிப்புப் பட்டைக்கு மேல் நம் முகம் இருக்கட்டும்

பினாங்கில் காமிரா பிடிக்கும் தமிழ்த் தம்பிகளுக்கும், ஒப்பனைக் கலைஞர்களுக்கும், உடை தைத்துத் தருவோருக்கும், படத்துக்கு நிற்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் எடுக்கும் கற்பனைப் படங்களைப் பற்றித்தான் இந்த மடல். ராணிகளும் சூனியக்காரிகளும் வனதேவதைகளும் உலவும் ஓர் உலகத்தை, ஜார்ஜ்டவுனின் பழைய மதில்களுக்கும் தூண்களுக்கும் முன்னால் நிறுத்திக் காட்ட நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல விரியும் மடிப்புப் பட்டை, தோளில் ஊதிப் பருத்த கை, இடுப்புக்குக் கீழே குடையாய் விரியும் பாவாடை, கூந்தல் முழுக்க முத்து. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து அலங்காரம் உங்களை ஈர்ப்பதில் வியப்பே இல்லை. காமிராவுக்கென்றே பிறந்த உடை அது. அதை நீங்கள் எடுத்தாள்வதில் எனக்கு மறுப்பு கிடையாது. என் மனக்குறை அந்தப் பட்டைக்கு மேலே இருக்கும் முகத்தைப் பற்றியது. நல்ல மாநிறத்திலோ கறுப்பிலோ வந்து நாற்காலியில் உட்காரும் பெண், எழுந்திருக்கும்போது இரண்டு மூன்று படி வெளுத்துப்போகிறாள். மிச்சத்தைக் கணினி வெளுக்கிறது. கடைசியில் படத்தில் இருப்பது வேறு யாரோ. காதுமடலின் பின்புறமும் விரல் கணுக்களும் மட்டும் அவளுடையவையாக எஞ்சுகின்றன. இதை நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணங்களும் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வெள்ளை முகத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஓவியங்களிலிருந்து, அந்த ஓவியங்களைப் பார்த்து எடுத்த திரைப்படங்களிலிருந்து. அப்படியானால் ஓவியங்களைச் சற்றே உற்றுப் பார்ப்போம். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் 1575 வாக்கில் தீட்டப்பட்ட ‘டார்ன்லி’ ஓவியம் இருக்கிறது. எலிசபெத்தின் முகம் என்று உலகம் நினைவில் வைத்திருக்கும் வெளிறிய முகங்களில் அது முக்கியமானது. அதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள் கண்டது இது: கன்னத்திலும் தோலிலும் ஓவியர் கலந்திருந்த சிவப்புச் சாயம் நூற்றாண்டுகளின் வெளிச்சத்தில் மங்கிவிட்டது. தீட்டிய நாளில் அந்த முகத்தில் இன்னும் ரத்த ஓட்டம் இருந்தது. நாம் அழகு என்று நகலெடுப்பதில் ஒரு பங்கு, சாயம் போனதால் வந்த வெளுப்பு. இன்னொன்றும் உண்டு. அரசியின் முகத்துக்கு ஒரு வார்ப்பு வரைந்து வைத்துக்கொண்டு, ஓவியர்கள் அதையே படத்துக்குப் படம் பெயர்த்தார்கள். 1596-இல் அரசவை, அரசிக்குப் பொருந்தாத உருவப்படங்களைத் தேடி அழிக்கவே ஆணையிட்டது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. வாரிசு இல்லாத அரசி முதுமையடைகிறார் என்ற எண்ணம் குடிகளுக்கு வந்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய அரசியல் தேவை. சுருக்கமில்லாத, நிழலில்லாத, வெண்மையான அந்த முகம் ஆட்சியைக் காக்கப் போட்ட முகமூடி. அதை உங்கள் நாற்காலியில் உட்காரும் இருபது வயதுப் பெண்ணுக்கு மாட்ட வேண்டிய அவசியம் என்ன?

வெள்ளைப் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலச் சீமாட்டிகள் முகத்தில் பூசியது ஈயத்திலிருந்து செய்த வெள்ளை. தோலை அரித்து, உடலுக்குள் ஊறி ஆளைக் கெடுக்கும் நஞ்சு. 1562-இல் பெரியம்மையில் விழுந்து பிழைத்த எலிசபெத், தழும்பை மறைக்க அதைத் தினமும் அப்பிக்கொண்டார் என்ற கதை எங்கும் உலவுகிறது. அவர் அதைப் பூசினார் என்பதற்கு அவர் காலத்து உறுதியான சான்று கிடையாது. ஆனால் அந்தப் பூச்சு இருந்தது, பெண்கள் பூசினார்கள், கெட்டார்கள். நானூறு ஆண்டுக்கு முந்தைய கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். இன்று ஈயத்தின் இடத்தில் பாதரசம் உட்கார்ந்திருக்கிறது. தோலை வெளுக்க வைக்கும் களிம்புகளில் பாதரசம் இருப்பதாகக் கண்டுபிடித்து, நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது அவற்றின் விற்பனையைத் தடுக்கிறது. இதே பினாங்கிலிருந்து இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தக் களிம்புகளைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. நீங்கள் பாதரசம் விற்கவில்லை, உண்மைதான். ஆனால் தன் முகம் எப்படி இருந்தால் ராணி ஆகலாம் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டுகிறவர்கள் நீங்கள். படத்தில் கணினி செய்ததைக் கண்ணாடி முன்னால் எது செய்யும் என்று அவள் தேடத் தொடங்கினால், அந்தத் தேடல் எந்தக் கடை வாசலில் போய் நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முகத்தை விட்டுவிட்டால் அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். பெரும்பொருளே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1600-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட ‘வானவில்’ ஓவியத்தைப் பாருங்கள். அரசியின் மேலங்கி முழுக்கக் கண்களும் காதுகளும். நாட்டில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும், கேட்கும் என்று அந்தத் துணி சொல்கிறது. இடக்கைச் சட்டையில் ஒரு பாம்பு சுருண்டிருக்கிறது. அதன் வாயில் இதய வடிவச் சிவப்புக்கல் தொங்குகிறது. ஆசையை அறிவு ஆள்கிறது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மார்புச் சட்டையில் வசந்த காலத்துப் பூக்கள். முகம் வெறும் வார்ப்பு, பேச்செல்லாம் துணியில். ஒரு சட்டைக் கையில் ஒரு கதையை எழுதிவிடும் இந்தத் திறமையைத்தான் அந்த நூற்றாண்டு உங்களுக்கு விட்டுச்சென்றிருக்கிறது. இன்றைய கற்பனைப் புகைப்படத்துக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நீங்களோ பாம்பை விட்டுவிட்டு மாவை எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த மடிப்புப் பட்டையின் வேலைப்பாட்டையும் கொஞ்சம் பாருங்கள். மெல்லிய லினன் துணியை முழக்கணக்கில் எடுத்து, எட்டு எட்டாக மடித்து, கஞ்சி போட்டு, காய்ச்சிய இரும்புக் கோலை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விட்டு வளைத்து நிறுத்துவார்கள். கஞ்சி போடும் வித்தை 1564-இல் ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் கட்டணம் வாங்கிக்கொண்டு லண்டன்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மழை பெய்தால் பட்டை தொங்கிப்போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதாவது அந்த ஆடம்பரம் முழுவதும் சலவைக்காரர்களின் உழைப்பில் நின்றது. நம் ஊரில் இதை அறியாதவர் யார்? பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் சோற்றுக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கைகள் நம் வீடுகளில் இருந்தன. யார்க் சாலையை ஒட்டிய டோபி காட் பகுதியில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் ஆற்றோரம் குடியிருந்து பினாங்கின் துணியை வெளுத்தார்கள். நிறக் கஞ்சி போட்ட பட்டைகள்கூட அந்த அரசியின் காலத்தில் வழக்கில் இருந்தன. மஞ்சள் கலந்த கஞ்சியில் ஒரு பட்டையை விறைக்க வைத்துக் கறுத்த கழுத்தில் மாட்டிப் பாருங்கள். இணையத்தில் வாங்கும் நைலான் பட்டை அதன் பக்கத்தில் நிற்காது.

இனி, எலிசபெத் காலம் எங்கோ இங்கிலாந்தில் நடந்த கதை, நமக்கும் அதற்கும் ஒட்டில்லை, ஆகவே அதை முழுசாகக் கடன் வாங்குவதைத் தவிர வழியில்லை என்று நினைப்பவர்களுக்கு. பினாங்கின் வரலாற்றை 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியதிலிருந்தே தொடங்கிப் பழகிவிட்டோம். அதற்கு 194 ஆண்டுகளுக்கு முன்னால், 1592 ஜூன் மாதம், எலிசபெத் அரசியின் குடிமகன் ஜேம்ஸ் லங்காஸ்டர் ‘எட்வர்டு பொனவெஞ்சர்’ என்ற கப்பலில் கன்னியாகுமரி முனையைச் சுற்றிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் முடியும்வரை காற்று மாறக் காத்திருந்தார்கள். ஆட்கள் நோயில் விழுந்து பலர் இங்கேயே மாண்டார்கள். பிறகு மலாக்கா நீரிணையில் இறங்கி எதிர்ப்பட்ட கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள். அவர்கள் பிடித்தவற்றில் ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து மலாக்காவுக்கு அரிசி ஏற்றி வந்த கப்பல். இன்னொன்று கோவாவிலிருந்து வந்த பெருங்கப்பல். அதிலிருந்த சரக்கைக் கேளுங்கள்: வெல்வெட், டஃபெட்டா, பட்டு, பின்னல் சிவப்புத் தொப்பிகள், வெனிஸ் கண்ணாடிக் கிண்ணங்கள், காகிதத்தில் சுற்றிய போலி ரத்தினக் கற்கள். ஒரு கற்பனைப் படத்துக்கு வேண்டிய பொருளெல்லாம் நம் கடலிலேயே மிதந்திருக்கிறது. அதே 1592-ஐ ஒட்டித்தான், இங்கிலாந்தின் வரைபடத்தின் மேல் அரசி வெள்ளுடையில் நிற்கும் ‘டிச்லி’ ஓவியத்தை இளைய மார்க்கஸ் கீரார்ட்ஸ் தீட்டினார். உங்களில் எத்தனையோ பேர் முன்மாதிரியாக வைத்திருக்கும் உடை அது. அந்த உடையும் பினாங்குக் கரையில் காய்ச்சலில் கிடந்த அந்த மாலுமிகளும் ஒரே ஆண்டுக்காரர்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. 1600 டிசம்பர் 31-இல் எலிசபெத் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். அதன் முதல் கப்பற்படையை நடத்தி வந்தவரும் இதே லங்காஸ்டர். 1602 அக்டோபரில் டச்சுக்காரர்களோடு சேர்ந்து, சாந்தோமிலிருந்து, அதாவது நம் மயிலாப்பூர்க் கரையிலிருந்து, வந்த போர்ச்சுக்கீசியக் கப்பலை இந்த நீரிணையில் மடக்கினார். அதிலிருந்து இறக்கியவை ஏறக்குறைய 950 கட்டுத் துணி. வெள்ளைப் பருத்தியும், சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் எழுதிய வண்ணத் துணியும். தீவுக்கடலில் மிளகு வாங்க அந்தத் துணிதான் பணம். அரசி அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் இறந்தார். அவர் காலத்தில் உலகத்துக்கு வைரம் அனேகமாக இந்தியாவிலிருந்தும் போர்னியோவிலிருந்தும்தான் போனது. ஓவியங்களில் அவர் உடை முழுக்கக் கறுப்பாகத் தெரியும் சதுரக் கற்கள் அந்த வைரங்களே. ஐரோப்பா மதித்த கீழை முத்துகளில் ஒரு பங்கு மன்னார் வளைகுடாவில் நம் முத்துக்குளிப்போர் மூச்சடக்கி எடுத்தவை. ஆகவே, தம்பி, நம் துணியும் கல்லும் முத்தும் நம் கடலும் இருக்கும் ஒரு காலத்தில் நம் முகம் மட்டும் இருக்கக் கூடாதா?

உங்கள் மறுமொழிகளை நான் அறிவேன். இது கற்பனை, வரலாற்றுப் பாடம் இல்லை, எங்களைக் கட்டிப்போடாதீர்கள் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். டிராகனைக் கொண்டு வாருங்கள், மூன்று நிலாவைத் தொங்கவிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எதையும் கற்பனை செய்யலாம் என்ற இடத்தில் கறுத்த ராணியை மட்டும் கற்பனை செய்ய முடியவில்லை என்றால், அங்கே சுதந்திரம் எங்கே இருக்கிறது? வேறு சிலர் எதிர்ப்பக்கமிருந்து வருவார்கள்: நம்மை அடிமைப்படுத்திய கம்பெனிக்குச் சாசனம் கொடுத்த அரசியின் உடை நமக்கெதற்கு, சேலையும் தாவணியும் போதாதா என்று. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் படம் எடுக்கும்போது, 1818-இல் கட்டி முடிந்த அந்தக் கட்டடம் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது என்பது நினைவில் இருக்க வேண்டும். ஆனாலும் விலக்கி வைப்பது ஒன்றுதான் வழி என்று நான் நினைக்கவில்லை. செனகல் நாட்டின் ஒமர் விக்டர் தியோப் 2014-இல், பழைய ஐரோப்பிய ஓவியங்களில் இடம்பெற்ற ஆப்பிரிக்கர்களின் உடையைத் தானே அணிந்து, தன் கறுப்பு முகத்தோடு நின்று ஒரு படத்தொடர் எடுத்தார். பெங்களூரின் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய பழைய படங்களை, காலனியாட்சியின் அளவெடுப்புப் படங்கள் உட்பட, தன் உடம்பிலேயே மறுபடி நடத்திக் காட்டினார். எலிசபெத்தைப் பற்றி 1998-இலும் 2007-இலும் வந்த இரண்டு பெரும் திரைப்படங்களை இயக்கியவர் நம் சேகர் கபூர். உடையை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். எடுத்தாள்பவர் தன்னை அழித்துக்கொள்ளாதவரை அது அடிமைத்தனம் ஆகாது.

அடுத்தது, வாடிக்கையாளர் கேட்கிறார் என்ற பதில். மறுக்க முடியாத பதில் இது; ரிங்கிட் கொடுப்பவர் அவர். ஆனால் அவர் கேட்பது பெரும்பாலும் ‘நல்லா இருக்கணும்’ என்பதைத்தான். வெளுப்பாக இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்ற மொழிபெயர்ப்பை நீங்களும் சேர்ந்து செய்துவிடுகிறீர்கள். லைட்ரூமில் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வுக் கோலை வலப்பக்கம் தள்ளும் அந்த ஒரு விரலசைவை அவர் பார்த்ததுகூட இல்லை. கறுத்த தோல் காமிராவில் சரியாக விழாது என்பதும் பழைய சாக்கு. அதற்கொரு வரலாறு உண்டு. பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நிறமெல்லாம் அவளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இன்று உங்கள் கையில் இருக்கும் கருவிக்கு அந்தக் குறை இல்லை. வெள்ளைப் பட்டையும் கறுத்த முகமும் ஒரே சட்டத்தில் வரும்போது சிக்கல் இருப்பது உண்மை; முகத்துக்கு அளவு வைத்தால் பட்டை எரிந்துபோகும். பட்டையைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்குங்கள். விளக்கைப் பக்கவாட்டில், பெரிதாக, மென்மையாக வைத்து, பட்டையின்மேல் ஒளி விழாதபடி ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள். கறுத்த தோல் ஒளியைப் பட்டுப்போலத் திருப்பித் தரும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் அந்த மினுமினுப்பைப் பவுடரால் அடைத்துவிடாதீர்கள். எலிசபெத்தின் ஓவியர் ஹில்லியார்டு நிழலே வேண்டாம் என்றார், அரசியும் அதையே விரும்பினார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நிழலை உள்ளே விடுங்கள்.

இன்னொரு முன்னோடியை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். வேடம் கட்டிக் கதைப்படம் எடுக்கும் கலைக்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1874-75-இல் டென்னிசனின் ஆர்தர் அரசன் காவியத்துக்கு, அண்டை வீட்டாரையும் உறவினரையும் வேடமிட்டு நிறுத்திப் படம் எடுத்தார். அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் தேவமாதாவாக எத்தனையோ படங்களில் நின்றார். பெயரும் வரலாற்றில் நின்றது. 1875-இல் கேமரன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் அங்கேயே இறக்கும்வரை தோட்டத் தொழிலாளர்களையும் களுத்துறை ஊர்மக்களையும் படம் எடுத்தார். வெளுக்கப்படாத, தங்கள் நிறத்திலேயே நிற்கும் முகங்கள் அவை. மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. இங்கிலாந்துப் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அன்று நம்மவருக்கு முகம் இருந்தது, பெயர் போயிற்று. இன்று நீங்கள் எடுக்கும் படங்களில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது, முகம் போய்விடுகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த முறை நீங்கள் ஒரு ராணியை உருவாக்கும்போது, ஃபவுண்டேஷனை அவள் தாடைக்குக் கீழே, கழுத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். கையும் கழுத்தும் முகமும் ஒரே ஆளுடையவையாக இருக்கட்டும். படத்தைத் திருத்தும்போது நிழலைச் சரிசெய்யுங்கள், கறையை நீக்குங்கள், தோலின் நிறத்தை மட்டும் தொடாதீர்கள். வாடிக்கையாளர் வற்புறுத்தினால், வெளுத்தது ஒன்று வெளுக்காதது ஒன்று என இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள். கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரித் துணி எழுதுகிறார்கள். அதில் ஒரு சட்டைக் கை தைத்துப் பாருங்கள். அதன்மேல் எழுத உங்களுக்கு என்ன கதை இருக்கிறதோ அதைத் தேடுங்கள். கண்ணும் காதும்தான் வேண்டும் என்றில்லை. 1592-இன் அந்தக் கப்பலை எடுங்கள், நாகப்பட்டினத்து அரிசி மூட்டைகளை எடுங்கள், அந்த நீரிணையைப் பார்த்தபடி ஒரு தமிழ்ப் பெண்ணை ராணியாக நிறுத்துங்கள். ஒப்பனை செய்தவர், தைத்தவர், பூக்கட்டிக் கொடுத்தவர், நின்றவர் எல்லாருடைய பெயரையும் படத்தோடு போடுங்கள். கண்காட்சி வைக்கும்போது தேர்வுக் குழுவில் இருப்பவர்கள், செயற்கையாக வெளுத்த முகங்களை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒப்பனை வகுப்பு நடத்தும் அக்காமார், முதல் வாரத்திலேயே கறுத்த முகத்துக்கு ஒப்பனை செய்யக் கற்றுக்கொடுங்கள். அதைக் கடைசிப் பாடமாகத் தள்ளி வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஊர்க்காரர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு